அப்பத்தாவின் நூறு நாள் அட்டை

காரைக்குடி மாநகராட்சியான அன்று அவள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஆறு பட்டாசு எமோஜிகளை வரிசையாக வைத்தாள். கீழே ஒரு வரி: 'எங்க ஊரு இனிமே கார்ப்பரேஷன்!'

அது 2024 ஆகஸ்ட் 12. காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை ஆகிய நான்கு நகராட்சிகளும் மாநகராட்சி ஆவதற்கான ஆணையை முதலமைச்சர் வழங்கிய நாள். தமிழ்நாட்டின் மாநகராட்சிகள் 21-லிருந்து 25 ஆயின. கல்லூரியில் அன்று முழுக்க அதே பேச்சுதான்.

ஸ்டேட்டஸில் ஒரு சின்னப் பொய் இருந்தது. அவள் வீடு காரைக்குடியில் இல்லை. நகரத்தை ஒட்டிய ஓர் ஊராட்சியில் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். ஆனால் யார் கேட்டாலும் "காரைக்குடி" என்றுதான் சொல்லுவாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான்.

பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் 'எம்.எல்.ஏ.' நூலகத்தில் மூன்று பேப்பர் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் காஸாவில் ஆரம்பித்து கவுன்சிலர் வரைக்கும் வந்துவிடுவாள். பேச்சுப் போட்டி என்றால் அவளிடம் எப்போதும் தயாராக ஒரு கதை இருக்கும். 1927-ல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தபோது, சிராவயல் ஆசிரமத்தில் இருந்த இளைஞர் ஜீவாவிடம் "உமக்கு என்ன சொத்து இருக்கிறது?" என்று கேட்டதும், இந்த நாடுதான் என் சொத்து என்று அவர் சொன்னதும், நீர்தான் இந்த நாட்டின் சொத்து என்று காந்தி திருப்பிச் சொன்னதும். அப்போது ஜீவாவுக்கு வயது 20. "என்னைவிட ஒரு வயசுதான் கூட" என்று முடிப்பாள். கைதட்டல் நிச்சயம்.

அந்தக் கதையை வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அப்பத்தா கேட்டுக்கொண்டிருந்தது. "என்கிட்ட அந்த காந்தி கேட்டிருந்தா, இந்தா இந்த அட்டைதான் சாமின்னு எடுத்துக் காட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தது.

அட்டை என்றால் நூறு நாள் வேலை அட்டை. பிளாஸ்டிக் கவரில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். அந்த வேலைத் திட்டம் 2006-ல் முதன்முதலாகத் தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்களில்தான் தொடங்கியது. அதில் சிவகங்கையும் ஒன்று. அன்றைய கூலி 80 ரூபாய். பேத்தி 2005-ல் பிறந்தவள். அவளுக்கும் அட்டைக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அவள் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய முதல் ஜியாமெட்ரி பாக்ஸ் அந்த அட்டையில் வந்தது. அவள் அதை மறந்துவிட்டாள், அப்பத்தா மறக்கவில்லை.

அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. அம்மா காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையில் கைமுறுக்கு சுற்றுகிறாள். வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்பத்தாவுக்கு யார் கையையும் எதிர்பார்க்காத காசு என்றால் அது கண்மாயில் மண் அள்ளிய காசு ஒன்றுதான். வெற்றிலை பாக்கு, கோவில் உண்டியல், மகள் வீட்டுக்குப் போனால் பேரனுக்கு ஐம்பது ரூபாய் எல்லாம் அதில்தான். வயசு 67 ஆகிறது. மகன் எத்தனையோ தடவை போனில் "வேலைக்குப் போகாதம்மா" என்று சொல்லியாயிற்று.

மாநகராட்சி ஆன ஒரு வாரத்தில் கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் என்று சுற்றியிருக்கும் ஊர்களெல்லாம் காரைக்குடியோடு சேரும் என்ற பேச்சு டீக்கடைகளுக்கு வந்துவிட்டது. அந்தப் பேச்சில் அவர்கள் ஊரும் இருந்தது. ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பத்தா கேட்டது.

"ஏத்தா, கார்ப்பரேசன்ல சேத்துட்டாகன்னா என் அட்டை என்னாகும்?"

அவளுக்குத் தெரியவில்லை. காஸா தெரியும், கவுன்சிலர் தெரியும், இது தெரியவில்லை. ஆனாலும் 'எம்.எல்.ஏ.' ஆயிற்றே. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அப்பத்தா. கார்ப்பரேஷனுக்கு இன்னும் நிறைய நிதி வரும்" என்று சொன்னாள். அப்பத்தா தலையாட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டது.

அன்று ராத்திரி செல்போனில் தேடிப் படித்தாள். 2005-ல் வந்த சட்டத்தின் பெயரிலேயே 'ஊரக' என்ற சொல் இருக்கிறது. ஊரகப் பகுதியில் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை. கிராமம் நகரத்தில் சேர்ந்துவிட்டால், கண்மாய் அதே இடத்தில் இருந்தாலும், அப்பத்தா அதே திண்ணையில் இருந்தாலும், அது ஊரகம் இல்லை. அட்டை வெறும் அட்டை. மாநில அரசு நினைத்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ் நகரத்தில் வேலை கொடுக்க முடியாது. அது மத்தியச் சட்டம். படித்து முடித்தபோது மணி ஒன்று. போய் எழுப்பிச் சொல்ல மனசு வரவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும்.

அப்பத்தாவுக்கு அவள் சொல்லித் தெரியவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் தெரிந்தது.

அவள் அதுவரை ஒரு கிராம சபைக்கும் போனதில்லை. 18 வயசு ஆன அன்றைக்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க விண்ணப்பித்தவள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவள். ஆண்டுக்கு ஆறு முறை தன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அது கூடுகிறது என்பது மட்டும் அவள் கணக்கில் இல்லை. அன்று அப்பத்தாவோடு போனாள். 3,000 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். மற்ற நாள்களில் நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவார்கள் என்று அப்பத்தா காதோடு சொன்னது. அன்று அந்த வேலை வைக்கவில்லை. ஆலமரத்தடி நிறைந்து, வெயிலிலும் ஆள் நின்றது. முக்கால்வாசி பெண்கள்.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். வீட்டு வரி ஏறும், தண்ணிக்கு வரி வரும், நூறு நாள் வேலை போகும். அப்பத்தா எழுந்து நின்றது. "வரிய ஏத்துறீக, சரி. அதைக் கட்டுறதுக்கு உள்ள வேலையையும் புடுங்குனா எப்படிக் கட்டுறது? நீங்களே சொல்லுங்க." அவ்வளவுதான் பேசியது. உட்கார்ந்துவிட்டது. இத்தனை பேச்சுப் போட்டிகளில் தனக்கு ஒரு தடவையும் கிடைக்காத கைதட்டல் அது என்று அவளுக்குப் பட்டது.

இணைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பல ஊர்கள் போட்ட தீர்மானம்தான்.

இங்கே அம்மாவின் கட்சியையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் அம்மாவுக்கு இணைப்பில் முழுச் சம்மதம். தீபாவளி நேரத்தில் கடையில் வேலை முடிய ராத்திரி ஒன்பதரை ஆகிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரை அரைக் கிலோமீட்டர் இருட்டு. நடுவில் குப்பை மேடு, நாய்கள். "கார்ப்பரேசன் வந்தா லைட்டு வரும், குப்பை வண்டி வரும். உங்கப்பத்தாவுக்கு மண்வெட்டிதான் முக்கியம். எனக்கு உசுரு" என்றாள் அம்மா. மாமியாரும் மருமகளும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தவள், முதல்முறையாக, யார் பக்கமும் பேச முடியாமல் இருந்தாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பட்டிமன்றம் என்றால் ஓர் அணியில் உட்கார்ந்துவிடலாம்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை. அப்பத்தா 24 நாள் வரத்துக் கால்வாயில் மண் அள்ளியிருந்தது. அந்த ஆண்டின் கூலி 319 ரூபாய். அளந்து பார்த்துக் கழித்து நாளைக்கு 300 என்று வைத்தாலும் 7,200 ரூபாய். ஜனவரி 5-ம் தேதியோடு சிவகங்கை உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. பொறுப்பு தனி அலுவலர்களுக்குப் போனது. கூலி எங்கே என்று போய்க் கேட்க ஊரில் தலைவரும் இல்லை. 1,056 கோடி ரூபாயை விடுவிக்கச் சொல்லி ஜனவரி 13-ம் தேதி முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் பாக்கி 4,034 கோடி என்று சொல்லி ஆளுங்கட்சியே ஆர்ப்பாட்டம் நடத்தியது. உத்தரப்பிரதேசத்தைவிடத் தமிழ்நாட்டுக்கு அதிகம் கொடுத்திருக்கிறோம் என்று மக்களவையில் மத்திய அரசின் பதில் வந்தது. இதையெல்லாம் அவள் அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"நாலாயிரம் கோடின்னா அதுல நம்மது எம்புட்டுத்தா?"

"ஏழாயிரத்து இருநூறு ரூவா அப்பத்தா."

"அதை மட்டும் தனியா எடுத்துத் தரச் சொல்லேன். மிச்சத்துக்கு அவுக சண்டை போட்டுக்கிறட்டும்."

சட்டத்தில் ஒரு வழி இருப்பதை அவள் கண்டுபிடித்திருந்தாள். வருகைப்பதிவேடு முடிந்து 15 நாளுக்குள் கூலி வர வேண்டும்; 16-வது நாளிலிருந்து, நாள் ஒன்றுக்கு 0.05 சதவீதம் தாமத இழப்பீடு. நோட்டில் கணக்குப் போட்டாள். 7,200-க்கு நாளைக்கு 3 ரூபாய் 60 காசு.

"டீயே பன்னெண்டு ரூவா விக்கிது" என்றது அப்பத்தா.

மார்ச்சில் கல்லூரியில் விவாதப் போட்டி. தலைப்பு, தொகுதி மறுவரையறை. அந்த மாதம் முழுக்கத் தமிழ்நாட்டில் அதுதான் பேச்சு. 22-ம் தேதி பல மாநிலத் தலைவர்கள் சென்னையில் கூடியிருந்தார்கள். அவள் நன்றாகத் தயார் செய்திருந்தாள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களுக்கு அதுவே தண்டனையாகலாமா. 1971 கணக்கெடுப்போடு ஏன் எண்ணிக்கையை நிறுத்தி வைத்தார்கள். 1962-ல் தமிழ்நாட்டுக்கு 41 மக்களவைத் தொகுதிகள் இருந்து 1967-ல் 39 ஆனது எப்படி. ஒத்திகைக்கு அப்பத்தாதான் பார்வையாளர். முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டது.

"நமக்குன்னு பேச அங்கே ஆள் குறைஞ்சா, நம்ம குரல் எப்படிக் கேக்கும்? எண்ணிக்கை பெரிசா இருக்கிறவங்க நமக்கும் சேர்த்து முடிவு பண்ணிடுவாங்க" என்று அவள் கையை உயர்த்தி முடித்தாள்.

கீரையிலிருந்து அப்பத்தா கண்ணை எடுக்கவில்லை. "அதைத்தானத்தா நான் சொல்றேன். நம்மூருக்குன்னு ஒரு தலைவரு இருந்தாக. காலைல வாசல்ல போய் நின்னு கேக்கலாம். கார்ப்பரேசன்ல சேந்தா நாம ஒரு வார்டுல ஒரு தெருவு. டவுனுக்காரக அத்தனை பேரு. நம்ம சத்தம் யாருக்குக் கேக்கும்? டெல்லிக்கு ஒரு நாயம், நமக்கு ஒரு நாயமா?"

அவள் உயர்த்திய கையை இறக்கினாள்.

ஏழு மாதமாக அவள் யோசிக்காத கோணம் அது. கூலி போகும், வரி ஏறும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு ஊராட்சி இல்லாமல் போவது என்றால் ஒரு தலைவர் பதவி, சில உறுப்பினர் பதவிகள், ஆறு கிராம சபைகள் எல்லாம் சேர்ந்து இல்லாமல் போவது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. அந்தப் பெண்களில் எத்தனை பேர் இனி ஒரு மாநகராட்சி வார்டில் நின்று ஜெயிக்க முடியும்? 39 குறையக் கூடாது என்று மேடையில் கத்துகிற அவளே, தன் ஊரின் ஒன்று போவதற்குப் பட்டாசு எமோஜி வைத்திருக்கிறாள். அந்த ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாக அழிந்துபோனது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

போட்டியில் எழுதி வைத்ததைப் பாதி பேசினாள். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஊர்க் கதைக்கு வந்தாள். மாநில உரிமை பேசுகிறவர்கள் ஊர் உரிமையையும் பேச வேண்டும் என்றாள். அரங்கத்தில் டவுன் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. பின் வரிசையில் பஸ் பாஸ் பிள்ளைகள் விசிலடித்தார்கள். தலைப்பை விட்டு விலகிவிட்டார் என்று நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். மூன்றாம் பரிசுகூட இல்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு அவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த முதல் போட்டி. நடுவர் சொன்னதில் தவறில்லை, விலகித்தான் போனாள்.

ஏப்ரல் முழுக்கப் பேப்பர்களில் டிரம்ப்பின் இறக்குமதி வரிதான். "அந்தாளு வரி போட்டா நம்ம வீட்டு வரியும் ஏறுமாத்தா?" என்று அப்பத்தா கேட்டது. தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கம் அவளிடம் அதற்குள் குறைந்திருந்தது. "திருப்பூர் பனியனுக்கு என்னாகும்னுதான் படிச்சேன் அப்பத்தா. நம்ம வீட்டு வரிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை" என்றாள்.

அந்த மாதம்தான் மனு எழுதினாள். நான்கு தடவை அடித்து எழுதினாள். 'இணைப்பு வேண்டாம்' என்று எழுதினால் அம்மாவின் இருட்டுப் பாதை கண்முன் வந்தது. 'வேண்டும்' என்று எழுதக் கை வரவில்லை. கடைசியில் எழுதியது இதுதான்: ஊரைச் சேர்ப்பதென்றால், சேர்ப்பதற்கு முன்பே நகரத்தில் வேலைக்கு வழி வேண்டும். கேரளத்தில் அய்யங்காளி பெயரில் நகர்ப்புற வேலைத் திட்டம் 2010 முதல் இருக்கிறது. ராஜஸ்தான் 2022-ல் தொடங்கியது. தமிழ்நாடும் அதே ஆண்டு சில ஊர்களில் சோதனையாக நடத்திப் பார்த்ததுதான். அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தால் அப்பத்தா ஊருணியைத் தூர்வாரும். செட்டிநாட்டில் ஊருணிக்கா பஞ்சம்? இரண்டாவது, மாநகராட்சிகளில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை கூடுகிறது. சேரும் ஒவ்வொரு ஊருக்கும் தனியாக ஒரு பகுதி சபை, அந்த ஊரின் ஆலமரத்தடியிலேயே கூட வேண்டும். மூன்றாவது, பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊர் வரை தெருவிளக்கு. அதற்கு இணைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவதைப் படித்துவிட்டு அம்மாவும் கையெழுத்துப் போட்டாள். அப்பத்தாவின் கைநாட்டுக்கு அடுத்த வரியில்.

ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர் நாளில், அவளும் அப்பத்தாவும் சிவகங்கை கலெக்டர் ஆபீஸுக்குப் போனார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சிவகங்கை பஸ்ஸில் உண்டு. அப்பத்தாதான் முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தது. வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று மனுவைக் கொடுத்தார்கள். ரசீது கிடைத்தது. அப்பத்தா அதை நான்காக மடித்து, அட்டை இருந்த அதே பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டது.

மே மாதம் கூலி வந்தது. 7,200-ல் கொஞ்சம் குறைவு. தாமத இழப்பீடு வரவில்லை. பாஸ்புக்கில் வரி போட்டு வாங்கிக்கொண்டு பேங்க் வாசலில் இருவரும் நின்றார்கள். நூறு நாள் வேலைக் கூலி ஏப்ரல் முதல் 336 ரூபாய் ஆகிவிட்டது என்று அவள் சொன்னாள்.

அப்பத்தா பாஸ்புக்கை இடுப்பில் செருகியது. "அந்த முன்னூத்தி முப்பத்தாறு எனக்கு உண்டாத்தா?"

"தெரியலை அப்பத்தா. திங்கக்கிழமை போய் மனு என்னாச்சுன்னு கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"நீ மட்டும் போவியா? நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு அப்பத்தா எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்து நடந்தது.